சில்லறைக் கடனை அடைக்காதே, பேராண்டி!

பேராண்டி, நீ சந்தோஷமா இருக்கிறதுக்காக மாசாமாசம் கட்டுற சந்தாவைச் சேத்து வச்சா இங்க வருசத்துக்கு ரெண்டு வெள்ளாட்டுக்குட்டி வாங்கலாம். குட்டியைத் தேடி ஓடுற ஓட்டத்துல தொந்தி வத்தியிருக்கும், படுத்ததும் தூக்கம் வந்திருக்கும், பக்கத்துத் தோட்டக்காரனோட ஒரு சண்டையும் வந்திருக்கும். சண்டை போட ஒரு ஆளு இருக்கிறதும் சொத்துதான். நீ என்னடான்னா, 'கண்ணை மூடு, உன்னைக் கவனி'ன்னு ஒரு பொம்பளை இங்கிலீசுல சொல்றதைக் காதுல மாட்டிக்கிட்டு மொட்டை மாடியில உக்காந்திருக்கே. உங்க அப்பத்தா பாத்துட்டு, "புள்ளைக்குக் காத்துக்கருப்பு அண்டியிருக்கு, வேப்பிலையை ஒடிச்சுட்டு வாங்க"ங்கிறா. நாந்தான் தடுத்து வச்சிருக்கேன்.

கேட்டா, நல்ல பழக்கம் பழகுறேங்கிறே. வெள்ளன எந்திரி, பச்சைத்தண்ணியில குளி, நன்றி எழுது, நட, மூச்சு விடு. மூச்சு விடச் சொல்லி ஞாபகப்படுத்த ஒரு மெசினு! எனக்கு இந்த வயசு வரைக்கும் யாரும் ஞாபகப்படுத்தாமலே வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

"அய்யா, நீங்க மட்டும் எப்பிடி எந்நேரமும் சிரிச்சுக்கிட்டே இருக்கீக?"ன்னு வந்ததுல இருந்து கேக்குறே. பல்செட்டு அளவு சரியில்லை, வாய் மூட மாட்டேங்குது. அது உனக்குச் சிரிப்பாத் தெரியுது. ஆனாலும் கேட்டுட்டே, சொல்றேன். உன் தங்கச்சி மதுரையில மனோதத்துவம் படிக்கிறாள்ல, லீவுக்கு வந்தா பாடத்தை என்கிட்டத்தான் ஒப்பிப்பா. அதனால வெள்ளைக்காரன் ஆராய்ச்சியும் தெரியும், மந்தைப் பேச்சும் தெரியும் இந்தக் கிழட்டுக்கு.

முதல்ல அந்தக் கைக்கடிகாரம். பத்தாயிரம் அடி நடந்தாத்தான் அது உனக்குப் பட்டாசு வெடிக்குமாம். கணக்கு 9,400-ல நின்னு போச்சுன்னு நடுராத்திரி கூடத்துக்கும் அடுப்படிக்கும் நீ உலாத்துனதுல, திருடன்னு நினைச்சு உங்க அப்பத்தா உலக்கையைத் தூக்கிட்டா. அந்தப் பத்தாயிரத்தை எந்த வைத்தியனும் சொல்லலை. 1964-ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. ஊரே உடம்பைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்த நேரம் பாத்து, 1965-ல ஒரு கம்பெனிக்காரன் இடுப்புல மாட்டுற மெசினைச் சந்தைக்குக் கொண்டாந்தான். அதுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்'னே பேரு வச்சான். யாவாரத்துக்கு வச்ச பேரு, அறுபது வருசமா உங்களை விரட்டுது. 2019-ல ஹார்வர்டுல ஐ-மின் லீங்கிற அம்மா, பதினாறாயிரத்துச் சொச்சம் வயசான பொம்பளைக நடையை எண்ணிப் பாத்தாக. 2,700 அடியோட நின்னவுகளை விட 4,400 அடி நடந்தவுகளுக்கே சாவு எம்புட்டோ தள்ளி நின்னுச்சு. 7,500-க்கு மேல போனா கூடுதல் லாபம் ஒண்ணும் தெரியலை.

உங்க அப்பத்தா என்னைக்கு அடி எண்ணுனா? கருவேப்பிலை வாங்கக் கடைசி வீடு வரைக்கும் போவா. பக்கத்து வீட்டுலயே மரம் நிக்குது. "எதுக்குடி அம்புட்டு தூரம்?"னு கேட்டா, "அங்கதான சேதி கிடைக்கும்"ங்கிறா. அவ போனது சேதிக்கு. நடை ஓசி.

அடுத்து, பெரிய ஆராய்ச்சி. 1938-ல ஹார்வர்டு காலேசுல படிச்ச 268 இளவட்டங்களைப் பிடிச்சு, இவன் வாழ்க்கை எப்பிடிப் போகுதுன்னு எழுத ஆரம்பிச்சாக. பாஸ்டன் பட்டணத்து ஏழைத் தெருப் பயலுக 456 பேரோட கணக்கையும் பின்னால சேத்துக்கிட்டாக. ரத்தம் எடுத்து, வீடு தேடிப் போய், பொண்டாட்டி புள்ளையை விசாரிச்சு, ஒருத்தனையும் விடலை. அந்த 268-ல ஒருத்தர் ஜான் எஃப். கென்னடி, நாட்டுக்கே ஜனாதிபதி ஆனாரு. ஆராய்ச்சி பண்ணுனவுகளே கிழமாகி, ஆளு மாறி ஆளு மாறி, இப்ப நாலாவது தலைவரா ராபர்ட் வால்டிங்கர்னு ஒரு மனநல டாக்டர் பாக்காரு. எம்பது வருசத்துக்கு மேல எழுதி என்னத்தைக் கண்டுபிடிச்சாக? எம்பது வயசுல ஒருத்தன் திடமா இருப்பானான்னு தெரியணும்னா, அம்பது வயசுல அவன் ரத்தத்துல கொழுப்பு எம்புட்டுன்னு பாக்காதே. கூட இருக்கிற மனுசரோட எம்புட்டு ஒட்டுதலா இருந்தான்னு பாரு. அம்புட்டுத்தேன்.

இதை ஒரு டீ வாங்கிக் குடுத்து மந்தையில கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாக. ஆனா மந்தைக்காரன் சொன்னா நீ நம்ப மாட்டே, ரத்தம் எடுத்தவன் சொன்னாத்தான் நம்புவே. அதுக்காகவே ஹார்வர்டுக்காரனுக்கு ஒரு கும்பிடு.

அந்த ஆராய்ச்சியில ஒரு கேள்வி உண்டு. நடுராத்திரி உடம்புக்கு முடியலைன்னாலோ, பயமா இருந்தாலோ யாரைக் கூப்பிடுவே, பேரு எழுதுன்னாக. சில பேரு வரிசையா எழுதுனாக. சில பேரால ஒரு பேரு கூட எழுத முடியலை. நேத்து உன்னை அதையே கேட்டேன். நீ போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சே. தேடணும்னாலே ஆளு இல்லைன்னுதான் அர்த்தம். கடைசியில "108" அப்பிடின்னே. நல்ல நம்பர்தான். வந்து ஏத்திக்கிட்டுப் போவாக. விடியுற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பெஞ்சுல கூட உக்காந்து, "ஒரு வாய் டீ குடிக்கிறியாப்பா?"ன்னு கேக்க 108-ல ஆளு இல்லை.

இங்கிலாந்துல 2018-ல தனிமைக்குன்னே ஒரு மந்திரியைப் போட்டாக. 2021-ல ஜப்பான்காரனும் போட்டான். நமக்கு அந்தக் கெரகம் இல்லைன்னு மாரைத் தட்டாதே. உலகத்துல ஆறு பேருக்கு ஒருத்தர் தனிமையில வாடுறாகன்னு உலக சுகாதார நிறுவனம் 2025-ல எழுதி வச்சிருக்கு. அந்த ஆறாவது ஆளு உன் அபார்ட்மெண்டு லிப்டுலயும் வர்றாரு, நம்ம தெருக் கோடியிலயும் இருக்காரு.

சரி, ஆளு சேரணும். எப்பிடிச் சேரும்? நல்லவனா இருந்தாச் சேரும்னு உனக்கு நினைப்பு. நல்லவனை ஊரு மதிக்கும், கும்பிடும், வீட்டுக்கு வராது. ஆளு சேரணும்னா நீ நாலு பேருக்குக் கடன்பட்டிருக்கணும், நாலு பேரு உனக்குக் கடன்பட்டிருக்கணும். முழிக்காதே. கந்துவட்டியைச் சொல்லலை. சில்லறைக் கடன்.

நீயும் உன் சிநேகிதப் பயலுகளும் பிரியாணி தின்ன கதையைச் சொன்னியே. ஆளுக்கு 217 ரூவா அம்பது காசுன்னு போன்லயே பிரிச்சு, கை கழுவுறதுக்குள்ள கணக்கை முடிச்சீகளாமே. அதுக்கப்பறம் எப்பப் பாத்தீகன்னு கேட்டா, "எல்லாரும் பிஸி அய்யா"ன்னே. பிஸியும் இல்லை, கிஸியும் இல்லை. பாக்க வேண்டிய சோலி தீந்து போச்சு. நீயே மொத்தமாக் குடுத்துட்டு, "அடுத்தவாட்டி நீ குடுடா"ன்னு ஒரு வார்த்தை விட்டிருந்தா, அடுத்தவாட்டின்னு ஒண்ணு அங்கேயே பொறந்திருக்கும். அம்பது காசு கூட விடாமப் பிரிச்சு, நல்ல சிநேகிதத்தை நேர் பண்ணிட்டு வந்துட்டீக.

எவர்சில்வர் கடையில பாத்திரம் வாங்குனா பேரு வெட்டித் தருவாகளே, கவனிச்சிருக்கியா? கையடக்க மெசினு ஒண்ணு 'கிர்ர்'ருனு ஓடும், புள்ளி புள்ளியா எழுத்து விழும். வீட்டுக்குள்ளயே கிடக்கிற கிண்ணத்துக்குப் பேரு எதுக்கு? அது வீட்டுக்குள்ள கிடக்காதுன்னு கடைக்காரனுக்கும் தெரியும், வாங்குறவளுக்கும் தெரியும். நம்ம அடுப்படி அலமாரியை நீயே திறந்து பாரு. உங்க அப்பத்தா பேரு போட்டது பாதி இருக்காது. அடுத்தவுக பேரு போட்டதுதான் அடுக்கியிருக்கும். கருவாட்டுக் குழம்பு கொண்டு போன கிண்ணம் வெறுசாத் திரும்பாது. ரெண்டு முருங்கைக்காய், ஒரு கை உளுந்து, ஒண்ணுமே இல்லைன்னா ஒரு எலுமிச்சம்பழமாவது ஏறித்தான் வரும். வெறுங்கிண்ணம் வந்துச்சுன்னா, "அவளுக்கு என்னமோ மனவருத்தம்"னு அன்னைக்குச் சாயங்காலமே இவ விசாரிக்கப் போயிருவா. போன லீவுல நீ பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைப் பளபளன்னு விளக்கி, வெறுசாக் கொண்டு போய் நீட்டி, "தேங்க்ஸ் ஆண்ட்டி"ன்னுட்டு வந்தே பாரு, அந்தப் பொம்பளை ரெண்டு நாளு இவகூடப் பேசலை.

மொய்யும் இதே சங்கதிதான். கல்யாண வீட்டு வாசல்ல மேசை போட்டு, ஒருத்தர் ரூவாயை எண்ண, ஒருத்தர் நோட்டுல எழுத, ஊரு, தகப்பன் பேரு, தொகைன்னு மைக்குல வாசிப்பாக. இப்பக் கம்ப்யூட்டர் வச்சு ரசீது அடிச்சே குடுக்காக. அந்த நோட்டை வீட்டுல எங்க வைப்போம் தெரியுமா? நிலப் பத்திரம் இருக்கிற பெட்டியில. உனக்கு ஒருத்தர் ஐநூறு செஞ்சிருந்தா, அவரு வீட்டு விசேசத்துக்கு ஐநூறைத் திருப்பி, மேல ஐநூறைப் புது மொய்யா வைக்கணும். இப்ப அவரு உனக்குப் பாக்கி. நாளைக்கு அவரு மேல போடுவாரு, நீ பாக்கி. வாங்குனதை மட்டும் சுத்தமாத் திருப்பி வச்சா, 'இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்'னு அர்த்தம். நீ என்னடான்னா, சித்தப்பன் மகன் கல்யாணத்துக்குப் போகாம, ஆபீசுல உக்காந்து போன்ல மொய்யைத் தள்ளிவிட்டு, கூடவே ரெண்டு கை கும்பிடுற பொம்மையையும் அனுப்புனியாம். பொம்மையை மொய் நோட்டுல எங்க எழுதுறதுன்னு உங்க சித்தப்பன் என்னைக் கேக்கான்.

இது நம்ம சீமைப் பழக்கம் மட்டும்னு நினைக்காதே. நைஜீரியாவுல டிவ்னு ஒரு சனம். அங்க போய்த் தங்கியிருந்த லாரா பொஹன்னன்ங்கிற அம்மா சொன்ன கதையை, டேவிட் கிரேபர்ங்கிறவரு கடனைப் பத்தி 2011-ல எழுதுன பெரிய புத்தகத்துல எடுத்துச் சொல்றாரு. அக்கம்பக்கத்துப் பொம்பளைக முட்டை, காய்னு கொண்டாந்து குடுத்தாகளாம். பதிலுக்கு ஏதாவது திருப்பிக் குடுக்கணும். ஆனா சரி மதிப்புக்குக் குடுக்கக் கூடாது. கொஞ்சம் கூட்டிக் குடு, இல்லைன்னா கொஞ்சம் குறைச்சுக் குடு. சரிக்குச் சரி குடுத்துட்டா, 'உன் சங்காத்தமே வேண்டாம்'னு சொன்னதாயிரும். கருவாட்டுக் குழம்புக் கிண்ணம் ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு பாரு.

ஆனா சில்லறைக் கடன், வட்டிக்கடன் ரெண்டையும் குழப்பிக்கிறாதே. ஆடி மாசத்துல பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போனா மொய் விருந்துன்னே தனியாப் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, பெரிய தொகையாச் சேப்பாக. கடை வைக்க, கடன் அடைக்கன்னு ஒருத்தனைக் கை தூக்கி விடுற நல்ல ஏற்பாடு. ஆனா திருப்பி வைக்க வழியில்லாம வட்டிக்கு வாங்கிக்கிட்டு ஓடுறவனும் இருக்கான். அதனால பேங்குக் கடன், கார்டுக் கடன், வட்டிக்கடன் அம்புட்டையும் நாள் தவறாம அடை. கருவேப்பிலைக் கடன், வண்டியில ஏத்தி விட்ட கடன், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த கடன், இதுகளை மட்டும் ஒரேயடியா அடைச்சுத் தொலைச்சிறாதே. கொஞ்சம் குடு, கொஞ்சம் பாக்கி வை.

உடனே, 'கிராமம்னா சொர்க்கம்'னு போன்ல எழுதிப் போட்டுறாதே. இந்த ஊருல திண்ணையில யாரு உக்காரலாம், யாரு தெருவுலயே நிக்கணும்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. கிண்ணம் எந்தத் தெரு வரைக்கும் போகும், எந்தத் தெருவுக்குள்ள போகாதுன்னும் இருந்துச்சு. இன்னும் முழுசா ஒழிஞ்சுதுன்னு நான் புளுக மாட்டேன். பாதி ஊரோட குடுத்து வாங்கிக்காம, மீதிப் பாதிக்குள்ளயே சுத்திக்கிட்டு, 'நாங்க எல்லாம் ஒத்துமை'ன்னு பேசுனவுக நாங்க. உனக்கு அந்தக் கருமம் இல்லை. பட்டணத்துல உன் கிண்ணம் எந்தக் கதவையும் தட்டலாம். நீதான் ஒரு கதவையும் தட்டலை. எதிர்வீட்டுக்காரர் பேரு கேட்டேன், "3பி"ங்கிறே.

கையில காசிருந்தா என்ன செய்யிறதுன்னும் ஆராய்ச்சி இருக்கு. 2008-ல கனடாவுல எலிசபெத் டன்ங்கிற அம்மாவும் கூட்டாளிகளும் 46 பேருக்குக் காலையில ஆளுக்கொரு கவரைக் குடுத்தாக. சில கவருல 5 டாலர், சில கவருல 20 டாலர். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள செலவழிச்சிரணும். கொஞ்சப் பேரு தனக்கே செலவழிக்கணும், மத்தவுக அடுத்தவுகளுக்குச் செலவழிக்கணும். பொழுது சாயக் கேட்டா, அடுத்தவனுக்குச் செலவழிச்சவன்தான் மனசு குளிர்ந்து இருந்திருக்கான். 5-ஆ, 20-ஆங்கிறது ஒரு பொருட்டாவே இல்லை. இதுல லந்து என்னன்னா, வேற கொஞ்சப் பேருகிட்ட, 'எதுல சந்தோஷம் வரும், சொல்லு பாப்போம்'னு கேட்டிருக்காக. "20 டாலர், அதுவும் எனக்கே"ன்னாகளாம். மனுசனுக்குத் தன் மனசைப் பத்தித் தெரிஞ்சது அம்புட்டுத்தேன்.

பெருசா ஒண்ணு அடிச்சா எல்லாம் சரியாயிரும்னு சொல்லுவே. லாட்டரிச் சீட்டைத் தமிழ்நாட்டுல 2003-ல தடை பண்ணாக. அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஸ்டாண்டு மைக்கு வச்சு, 'நாளைய லட்சாதிபதி நீங்கதான்'னு கூவுனதைக் கேட்டு வளர்ந்தவன் உங்க அப்பன். 1978-ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் பக்கம் லாட்டரி அடிச்ச 22 பேரைப் பிடிச்சு விசாரிச்சிருக்காக. அடிக்காதவனை விட அவுக ஒண்ணும் பெருசாச் சந்தோஷமா இல்லை. அதை விடக் கூத்து, சிநேகிதனோட பேசுறது, காலைப் பலகாரம் தின்னுறது, ஒரு சிரிப்புக் கதை கேக்கிறது, இதுலெல்லாம் இருந்த ருசி அவுகளுக்குக் குறைஞ்சு போச்சு. பெருசு வந்து சிறுசோட ருசியைக் கெடுத்துட்டுப் போயிருச்சு. தினமும் வர்றது சிறுசுதானப்பா?

போடி ரயிலைப் பாத்தியா? அகலப் பாதை போடுறோம்னு நிறுத்தி வச்சு, 2022-ல தேனி வரைக்கும் விட்டாக, 2023-ல போடிக்கும் விட்டாக. பழைய வண்டியில மதுரையில ஏறுனா, உசிலம்பட்டி வர்றதுக்குள்ள எதுத்தாப்புல இருக்கிறவரு மக ஜாதகம் என் கையில இருக்கும். ஆண்டிபட்டிக்குள்ள ரெண்டு பேரும் சொந்தமா, பந்தமான்னு ஆராய்ஞ்சு முடிச்சிருப்போம். இப்ப அதே பெட்டியில எல்லாத் தலையும் கீழ. "பேச்சுக் குடுத்தா தொந்தரவுன்னு நினைப்பாக அய்யா"ங்கிறே. சிகாகோ பட்டணத்து ரயில்ல நிக்கலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் இதைச் சோதிச்சு 2014-ல எழுதியிருக்காக. முன்பின் தெரியாதவரோட பேசிக்கிட்டு வந்தவுகளுக்குத்தான் பயணம் இனிச்சிருக்கு. ஆனா முன்கூட்டிக் கேட்டா எல்லாரும், சும்மா உக்காந்து வர்றதுதான் சுகம்னு சொல்லியிருக்காக. பக்கத்துல இருக்கிறவரும் பேச்சுக்கு ஏங்கித்தான் உக்காந்திருக்காரு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணி மரியாதை பண்ணியே ஊமையாப் போறீக.

மனசு ஒரு இடத்துல நிக்கலைங்கிறே. உனக்கு மட்டுமா? 2010-ல கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரை, 'இப்ப என்ன வேலை செய்யிறே, மனசு எங்க இருக்கு, எப்பிடி இருக்கே?'ன்னு அப்பப்பக் கேட்டாக. நூத்துக்கு 46.9 தடவை மனசு வேற எங்கிட்டோ போயிருந்துச்சு. வெளிய போன மனசு சந்தோஷமாவும் இல்லை. இனிப்பான விசயத்தை நினைச்சவனுக்குக் கூட, செய்யிற வேலையில நின்னவனை விடக் கூடுதல் லாபம் கிடைக்கலை. இம்புட்டையும் போன் வழியாக் கேட்டுத்தான் கண்டுபிடிச்சாகங்கிறது தனி வேடிக்கை. உனக்கு நான் சொல்ற தியானம் வேற. அப்பத்தா பக்கத்துல உக்காந்து பூண்டு உரி. நகம் காந்தும், மனசு எங்கயும் போகாது. போனாலும் அவ பேச்சு இழுத்துட்டு வந்துரும்.

சாப்பாட்டுக்கு வா. 2023-ல அமெரிக்காவுல நாலு பேருல ஒருத்தரு, முந்துன நாளு எல்லா வேளையும் தனியாத்தான் தின்னேன்னு சொன்னதா 2025-ம் வருச உலக மகிழ்ச்சி அறிக்கை எழுதுது. கூடி உக்காந்து தின்னுறவுக மனசு நல்லா இருக்குன்னும் எழுதுது. அந்த அறிக்கையில நாம 118-வது இடம். பின்லாந்து 2018-ல இருந்து விடாம முதலிடம். "நாமதான் கூட்டுக் குடும்பமாச்சே, நமக்கு ஏன் 118?"னு கேட்டே. நூறு காரணம் இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சொல்றேன். உங்க அம்மா எப்பச் சாப்பிடுறான்னு பாத்திருக்கியா? எல்லாருக்கும் பரிமாறி, சட்டியை வழிச்சு, ஆறுன சோத்தை அடுப்படியில தனியா உக்காந்து தின்னுறா. பத்துப் பேரு இருக்கிற வீட்டுல தனியாத் தின்னுறதுக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. நாளையில இருந்து அவ உக்காந்தப்பறம் நீ சோத்துல கை வையி. ரசம் ஆறிப் போகும்தான். ஆறட்டும்.

நன்றி நோட்டுப் போட்டிருக்கேங்கிறே, தினமும் மூணு வரி. சோன்யா லூபோமிர்ஸ்கிங்கிற அம்மா ஆறு வாரம் சோதிச்சுப் பாத்தாக. வாரத்துக்கு ஒருக்கா எழுதுனவுகளுக்குப் பலன் தெரிஞ்சுச்சு. வாரத்துக்கு மூணு தடவை எழுதுனவுகளுக்குத் தெரியலை. தினமும் எழுதுனா அது வீட்டுப்பாடம் ஆயிரும்போல. மார்ட்டின் செலிக்மன் கூட்டம் 2005-ல இன்னொண்ணு பாத்தாக. நன்றி சொல்ல விட்டுப்போன ஒருத்தருக்குக் கடுதாசி எழுதி, நேர்ல கொண்டு போய்க் குடுக்கணும். எழுதுனவனுக்கு ஒரு மாசம் வரைக்கும் மனசு லேசா இருந்திருக்கு. உன் நோட்டைப் பிரிச்சுப் பாத்தேன், 'பிரபஞ்சத்துக்கு நன்றி'ன்னு பக்கம் பக்கமா இருக்கு. பிரபஞ்சமாடா உனக்குச் சைக்கிள் பழகிக் குடுத்துச்சு? பின்னால பிடிச்சுக்கிட்டு ஓடி முட்டி பேந்தவன் உங்க சித்தப்பன். அவன் மகன் கல்யாணத்துக்குத்தான் நீ பொம்மை அனுப்புனே.

ஒண்ணு மட்டும் கேலி இல்லாமச் சொல்றேன், கேட்டுக்க. தூக்கமே வரலை, சோறு இறங்கலை, எதுலயும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன ஆகப் போகுதுன்னு தோணுதுன்னா, அது பழக்கத்துல தீர்ற விசயம் இல்லை, நோவு. கருவேப்பிலையும் பத்தாது, கிழட்டுப் பேச்சும் பத்தாது. காய்ச்சலுக்குப் போறாப்புல டாக்டர்கிட்டப் போகணும். டெலி-மானஸ்னு அரசாங்கத்து நம்பர் இருக்கு, 14416. எந்நேரமும் எடுப்பாக, தமிழ்லயே பேசலாம். உனக்கு இல்லைன்னாலும் உன் கூட இருக்கிற எவனுக்காவது தேவைப்படும். அந்த நம்பரைக் குறிச்சு வச்சுக்க.

இனி உன் பழக்கப் பட்டியலை நான் எழுதித் தர்றேன். வாரத்துக்கு ஒரு நாளு டீக்காசை நீயே குடு, பிரிக்காதே. அடுத்தவன் குடுக்கிறப்ப, "அய்யய்யோ வேண்டாம்"னு பிகு பண்ணாம வாங்கிக்க. குடுக்கத் தெரிஞ்சவனுக்கு வாங்கத் தெரியாது, அதுவும் ஒரு திமிரு. 3பி வீட்டுல போய்ச் சீனி இருந்தாலும் சீனி கேளு. வாங்குன கிண்ணத்துல நீ பொங்குன எதையாவது போட்டுக் குடு. உப்புக் கரிச்சா இன்னும் நல்லது, சொல்லிச் சிரிக்க அவுகளுக்கு ஒரு சங்கதி கிடைக்கும். நடக்கணும்னா ஒரு ஆளைப் பாக்க நட. ஒருத்தரு வீட்டுக்கு விசேசம்னா காலோட போ, மொய்யை மேல கொஞ்சம் கூட்டி வையி. வாரம் ஒருக்கா, போனை எடுக்காமலே நடுராத்திரிக்குக் கூப்பிட எத்தனை பேரு வாயில வருதுன்னு எண்ணிப் பாரு. அந்தக் கணக்கு ஏறுனா, மெசினு பட்டாசு வெடிக்கலைன்னாலும் பரவாயில்லை.

சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. என் டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துப் பையில வையி. சுவிட்சு ஆடுது, சரி பண்ணிக் கொண்டா. என்னது, உசிலம்பட்டியிலயே அம்பது ரூவாய்க்குச் சரி பண்ணுவாகளா? தெரியும். பண்ண மாட்டேன். கொரியர்ல அனுப்புனேன்னு வச்சுக்க, கையெழுத்துப் போடாமத் திருப்பி அனுப்பிருவேன். நீயே கொண்டாந்து குடு. குடுக்கிறப்ப வெறுங்கையா வராதே.